ஹிரகானா கற்க எந்த வழி: நோட்டா, படமா, செயலியா, வகுப்பா?

ஜப்பானிய மொழியைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்: அந்த மொழியின் அடிப்படை எழுத்து வரிசையான ஹிரகானாவை நோட்டில் எழுதி எழுதிப் பழகுவதா, படம் வைத்து மனத்தில் பதிப்பதா, போனில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டால் போதுமா, இல்லை வகுப்பில் சேர்ந்துவிடலாமா? நான்கு வழியிலும் தேறியவர்கள் உண்டு, பாதியில் விட்டவர்களும் உண்டு. எதற்காகக் கற்கிறோம் என்று பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாலும் காலை வாரிவிடுகிறது.

சுமை எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்ளலாம். அடிப்படை எழுத்துகள் 46. சிலவற்றின் தலையில் இரட்டைக் கீற்று போட்டால் இன்னும் 20 ஒலிகள், சிறு வட்டம் போட்டால் 5. சிறிய ய, யு, யொ ஒட்டிவரும் கூட்டெழுத்துகள் 33. மொத்தம் 104 என்று கேட்டதும் மலைப்பு வரும். ஆனால் வடிவமாக நினைவில் வைக்க வேண்டியவை அந்த 46-ம் இரண்டு குறிகளும்தான். வெளிநாட்டுச் சொற்களுக்கும் பெயர்களுக்கும் வரும் கத்தகானா, இதே ஒலிகளுக்கான இன்னொரு 46 வடிவங்கள். ஓர் எழுத்து அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே சொல்லும் வடிவங்கள் சட்டென்று பிடிபடும்.

## எதை வைத்து எடை போடுவது

படிக்கும் வேகம். எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வாசிக்க வேண்டும். 46-ஐயும் ஒன்றரை நிமிடத்தில் முடித்தால், அதாவது ஒன்றுக்கு இரண்டு நொடி, அடுத்த பாடத்துக்குப் போகலாம். அட்டவணை வரிசையில் ஒப்பிப்பது கணக்கில் சேராது.

கையால் எழுதும் தேவை. ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் விடைக் கட்டத்தை நிரப்பினால் போதும். ஜப்பானில் வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் ஜே.எஃப்.டி. பேசிக் கணினியில் நடக்கிறது. இரண்டிலும் ஓர் எழுத்தைக்கூடக் கையால் எழுதச் சொல்வதில்லை. ஜப்பானில் படிக்கவோ வாழவோ போனால் கதை வேறு: விண்ணப்பப் படிவம், வகுப்பில் சொல்வதெழுதுதல், வீட்டு வாசலில் மாட்டும் பெயர்.

ஒலி. எழுத்தோடு சேர்த்து எந்த உச்சரிப்பு ஒட்டிக்கொள்கிறது என்பது. தப்பாக ஒட்டினால் எடுப்பது கடினம்.

மறதி. ஒரு மாதம் தொடாமல் விட்டால் என்ன மிஞ்சும்?

கண்ணுக்குத் தெரியாத செலவு. பணத்தைவிட, பின்னால் திருத்தியாக வேண்டிய பழக்கங்கள்தான் இதில் பெரிய தொகை.

## ஒலியை எந்த எழுத்தில் குறித்துக்கொள்வது?

நான்கு வழியில் எதைப் பிடித்தாலும் இந்தக் கேள்வி வரும். ஜப்பானிய ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்வதற்கு ரோமாஜி என்று பெயர். பெரும்பாலான செயலிகளும் தொடக்க நூல்களும் அதைத்தான் தருகின்றன. தமிழ் தெரிந்தவருக்கு அதைவிட நல்ல ஊன்றுகோல் கையிலேயே இருக்கிறது, ஒரு பெரிய ஓட்டையோடு.

முதலில் நல்லதைப் பார்ப்போம். ஜப்பானிய உயிர்கள் ஐந்தும் நிற்கும் வரிசை அ, இ, உ, எ, ஒ. நம் குறில் வரிசையேதான். மெய் வரிசையும் அப்படியே. 'கங சஞ டண தந பம யரலவ' என்பதில் ங, ஞ, ட, ண, ல ஐந்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது க ச த ந ப ம ய ர வ. ஜப்பானிய அட்டவணை க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. சமஸ்கிருத எழுத்துமுறையைக் கற்ற பௌத்தத் துறவிகள் வழியாக இந்த அடுக்கு அங்கே போனது. ப இருக்க வேண்டிய இடத்தில் ஹ நிற்பதற்கும் காரணம் உண்டு: அந்த வரிசை பழங்காலத்தில் ப ஒலியாகத்தான் இருந்தது. அதனால்தான் ஹ தலையில் கீற்று போட்டால் 'பஸ்' என்பதன் ப ஆகிறது, வட்டம் போட்டால் 'பல்' என்பதன் ப ஆகிறது. ஜப்பானிய அகராதிகள் இந்த வரிசையில்தான் அடுக்கப்படுகின்றன. நமக்கு அதைத் தனியே மனப்பாடம் செய்யும் வேலை இல்லை.

உச்சரிப்பிலும் தமிழ் கை கொடுக்கிறது. ஜப்பானிய த நாக்கு நுனி பல்லைத் தொடும் த; ரோமாஜியில் படிக்கிறவர்கள் அதை ட ஆக்கிவிடுவார்கள். ஜப்பானிய ர நம் ர போல ஒரே தட்டு. உ உதடு குவியாதது, 'காசு', 'பாட்டு' என்பவற்றின் கடைசி உகரத்துக்கு நெருங்கியது. குறில், நெடில் வேறுபாடும் நமக்குப் பிறவிச் சொத்து. 'ஒபஸன்' என்றால் அத்தை, 'ஒபாஸன்' என்றால் பாட்டி. ஆங்கிலத்தில் நீளத்தைக் குறிக்காமல் விட்டால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள்.

இப்போது ஓட்டை. சொல்லின் நடுவில் வரும் ஒற்றை க, த, ப தமிழில் மெலிந்துவிடும். வலுவாக ஒலிக்க வேண்டுமென்றால் இரட்டிப்போம். ஜப்பானியத்தில் மெலிவு ஒரு தனி எழுத்து, இரட்டிப்பு இன்னொரு தனி எழுத்து. கடல் சிப்பியையும் சாவியையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'ககி'. முதலாவதில் இரண்டாம் க வலுவானது, அடுத்ததில் மெலிந்தது. 'வந்து' என்பதற்கான சொல்லைக் 'கிதெ' என்று எழுதினால் த மெலிகிறது. சரிசெய்வதாக நினைத்துக் 'கித்தெ' என்று எழுதினால் தபால் தலை ஆகிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் 'கத்தகானா' என்று எழுதுவதிலேயே அந்தப் பிசகு இருக்கிறது. அங்கே இரட்டித்த த் கிடையாது.

தீர்வு எளிது. தமிழ் எழுத்தின் தலையிலும் அதே இரட்டைக் கீற்றைப் போடுங்கள். கீற்றில்லாத க எங்கே வந்தாலும் வல்லொலி, கீற்று போட்ட க எங்கே வந்தாலும் மெலிந்த ஒலி. இரட்டிப்பு வரும் இடத்தில் ஒரு சிறு கோடு. முதல் பத்து நாளுக்கு இந்தக் குறிப்பு போதும். அதற்குப் பிறகு நோட்டில் தமிழும் வேண்டாம், ரோமாஜியும் வேண்டாம்.

மெய்யெழுத்துக்கு ஜப்பானியத்தில் இருப்பது ஒரே ஒரு ன். அடுத்து ப வந்தால் அது ம் ஆகவும், க வந்தால் ங் ஆகவும் தானாக ஒலிக்கும். 'ம்ப', 'ங்க' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இதில் சிரமமே இல்லை. கவனிக்க வேண்டியது நீளம்தான். தமிழில் மெய்க்கு அரை மாத்திரை. ஜப்பானிய ன் முழு மாத்திரை. புத்தகத்தைக் குறிக்கும் 'ஹொன்' இரண்டு தட்டு. இரட்டிப்பைக் காட்டும் சிறிய த்ஸு எழுத்துக்கும் ஒரு முழுத் தட்டு உண்டு.

ரோமாஜி வேண்டவே வேண்டாமா என்றால், கணினியில் தட்டச்சுச் செய்யும்போது வேண்டும். அப்போது அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

## வழி 1: கட்டம் போட்ட நோட்டு

ஜப்பானியப் பள்ளிகளின் வழி இது. நாளைக்கு ஒரு வரிசை. பத்து நாளில் முடியும், கடைசி ன் ஒன்றை எந்த நாளோடும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு கோடு, நான்கு கோடு நோட்டுகள் சரிப்படாது. ஹிரகானா ஒரு சதுரத்தின் நடுவில் உட்காரும் எழுத்து. கணக்குப் பாடக் கட்ட நோட்டில் இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டத்தை ஒரே கட்டமாக எடுத்துக்கொண்டால், நடுவில் விழும் சிலுவைக் கோடு எந்தக் கீற்று எந்தக் கால் பகுதியில் தொடங்குகிறது என்று காட்டிக்கொடுக்கும்.

பக்கம் நிறைய எழுதுவதுதான் இதில் நேரும் முதல் தவறு. மூன்றாவது தடவைக்குப் பிறகு கை முந்தைய கட்டத்தைப் பார்த்து வரைகிறது, மனம் சும்மா இருக்கிறது. பார்த்து மூன்று முறை எழுதுங்கள், மூடிவிட்டு இரண்டு முறை. பத்து நிமிடம் கழித்து ஒலியை மட்டும் சொல்லி ஒரு முறை. ஆறு எழுத்து ஒரு வரியை விட அதிகம் வேலை செய்யும்.

இரண்டாவது தவறு, எந்த எழுத்துருவைப் பார்த்து எழுதுகிறோம் என்று கவனிக்காதது. அச்சில் 'கி', 'ஸ' இரண்டிலும் சாய்ந்த கோடும் கீழ் வளைவும் சேர்ந்தே இருக்கும். பள்ளியில் கற்பிக்கும் கையெழுத்தில் அங்கே பேனாவைத் தூக்கிவிட்டு வளைவைத் தனியே போடுவார்கள். அச்சைப் பார்த்து வரைந்து பழகினால், பின்னால் கையெழுத்தைப் பார்க்கும்போது வேறு எழுத்தோ என்று தோன்றும். பயிற்சித் தாளை இறக்கும்போது பாடநூல் எழுத்துரு உள்ளதைத் தேடி எடுங்கள். சுழிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: 'நு', 'நெ', 'ரு' ஆகியவற்றின் முடிவில் வரும் சுழி சிறியது, சற்றுத் தட்டையானது. ண, ஞ எழுதிப் பழகிய கைக்கு அதைப் பெரிதாக்கத் தோன்றும்.

நோட்டு வழியின் உண்மையான பலம் ஒன்றையொன்று ஒத்த எழுத்துகளில் தெரியும். குழப்பம் தருபவை 18 எழுத்துகள்: நு–மெ, நெ–ரெ–வ, ரு–ரொ, ஹ–ஹொ–ம, ஸ–சி–கி, இ–ரி–கொ, அ–ஒ. கண்ணால் பார்த்தால் நெ, ரெ, வ மூன்றும் ஒரே எழுத்துபோல இருக்கும். எழுதும்போது முடிவு கையில் தெரியும். நெ சுழியில் முடியும், ரெ வெளிப்புறம் எகிறும், வ உள்ளே வளைந்து திறந்தே நிற்கும். ஹொ, ம இரண்டிலும் நிமிர்ந்த கோட்டைப் பாருங்கள்: ஹொ-வில் அது மேல் கிடைக்கோட்டிலேயே தொடங்கும், ம-வில் அதைத் தாண்டித் தலை நீட்டும்.

செலவு நேரம்தான். தேர்வு மட்டும் குறி என்றால் 46-ஐயும் இப்படி எழுதுவது வீண். பயன்: ஒரு மாதம் விட்டாலும் அதிகம் மறக்காது.

## வழி 2: பட நினைவு

ஒவ்வொரு எழுத்தையும் ஒரு படமாகப் பார்த்து, படத்தின் பெயரிலிருந்து ஒலியைப் பிடிப்பது. நான்கில் இதுவே வேகமானது. நாளைக்கு ஒரு மணி நேரம் வைத்தால் நான்கைந்து நாளில் 46-ம் தட்டுத்தடுமாறியாவது வாசிக்க வரும். ஜப்பானிய மொழியையும் பண்பாட்டையும் வெளிநாடுகளில் பரப்பும் ஜப்பான் ஃபவுண்டேஷன் 'ஹிரகானா மெமரி ஹின்ட்' என்று இதற்கென்றே ஒரு செயலி வைத்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களை நம்பியவை. ஆங்கிலச் சொல்லை நினைத்து, அதன் முதல் ஒலியைப் பிரித்து, பிறகு ஜப்பானிய ஒலிக்கு வருவது சுற்றுவழி. சொந்தமாகத் தமிழில் செய்துகொள்வது நல்லது. 'இ' இரண்டு கோடு, எனவே இரண்டு. 'கு' பிளந்த ஒரு கோணம், குருவியின் திறந்த அலகு. 'எ' எட்டு வைத்து நடக்கும் ஆள். 'மு'-வின் வளைவு மூக்கு, வலது மேல் மூலையில் தனியே நிற்கும் சிறு கீற்று மூக்குத்தி. எல்லா எழுத்துக்கும் இப்படிக் கிடைக்காது. வலிந்து செய்த படத்தை வடிவத்தைவிட வேகமாக மறந்துவிடுவீர்கள். அந்த எழுத்துகளை நோட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

'இ' என்பதற்கு 'இரண்டு' வேலை செய்யும், 'ரி' வரும் வரை. அதுவும் இரண்டு கோடுதான். இ-யில் இடது கோடு நீளம், ரி-யில் வலது கோடு நீளம். படம் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

இன்னொரு செலவும் உண்டு. படம், சொல், ஒலி என்று மூன்று படி ஏறி இறங்குவதால் வாசிப்பு நத்தை வேகத்தில் நிற்கும். உடனே சொற்களை வாசிக்கத் தொடங்கினால் இரண்டு வாரத்தில் படங்கள் தாமாக உதிர்ந்துவிடும். தொடங்காவிட்டால் எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

## வழி 3: போன் செயலி, நினைவு அட்டை

டுவோலிங்கோவில் எழுத்துகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. மறக்கும் நேரம் பார்த்து அட்டையை மறுபடி காட்டும் அன்கி, கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனில் காசு கொடுக்க வேண்டும். ஜப்பான் ஃபவுண்டேஷனின் மினாதோ தளத்தில் ஹிரகானாவுக்கு இலவசப் பாடமே இருக்கிறது.

செயலிகளில் ஏமாறும் இடம் நான்கு விடையில் ஒன்றைத் தொடும் கேள்வி. இரண்டு விடை பார்த்ததுமே கழிந்துவிடும். மிச்சத்தில் ஊகித்தால் பாதி சரியாக வரும். செயலி நூற்றுக்குத் தொண்ணூறு என்று பாராட்டும், கடைப் பலகையைப் பார்த்தால் ஒன்றும் ஓடாது. இன்னொன்று, எழுத்து வந்ததும் ஒலியும் தானாக வருவது. விடையைக் காதில் சொல்லிவிட்டுக் கேட்கும் கேள்வி அது. அமைப்பில் ஒலியை விடைப் பக்கத்துக்கு மாற்றுங்கள். எப்போதும் ஒரே எழுத்துருவில் காட்டுவது மூன்றாவது குறை.

அன்கியில் நாளைக்கு 20 புது அட்டை என்று தானாக அமைந்திருக்கும். மூன்றே நாளில் 46-ம் வந்து குவிந்து, நான்காம் நாள் பழையதும் புதியதும் சேர்ந்து முட்டும். பத்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்த்து வாய்விட்டு ஒலியைச் சொன்ன பிறகே அட்டையைத் திருப்ப வேண்டும்.

இந்த வழியில் பலர் கண்டுகொள்ளாத ஒன்று போனின் ஜப்பானிய விசைப்பலகை. பன்னிரண்டு விசை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு விசைக்கு ஒரு வரிசை: தொட்டால் க, இடப்பக்கம் இழுத்தால் கி, மேலே கு, வலப்பக்கம் கெ, கீழே கொ. ரோமாஜி தொடாமல், அகர வரிசையை விரலுக்கே பழக்கிவிடும். நாளைக்குப் பத்துச் சொல் இதில் அடித்தால், ஒரு செயலியின் பத்து நிமிடப் பயிற்சியை விட மேல்.

## வழி 4: வகுப்பு

ஹிரகானாவுக்காக மட்டும் காசு கட்டி வகுப்பில் சேர வேண்டாம். மொழிக்காகச் சேர்கிறீர்கள் என்றால் எழுத்தை முன்னாலேயே முடித்துக்கொண்டு போங்கள். பல வகுப்புகள் முதல் ஓரிரு வாரத்தில் எழுத்தை ஓட்டிவிட்டு இலக்கணத்துக்குத் தாவிவிடும். சென்னையில் ஜே.எல்.பி.டி. தேர்வை நடத்தும் ஏ.பி.கே.–ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் வகுப்புகளும் நடத்துகிறது.

ஆசிரியர் ஒருவர் இருந்தால் கிடைக்கும் லாபம் ஒலியில்தான். வாக்கிய முடிவில் வரும் 'தெஸு' என்பதில் கிட்டத்தட்ட மறைய வேண்டிய கடைசி உகரத்தை முழுதாக ஒலிப்பதையும், த்ஸு-வைச் 'சு' என்று சொல்வதையும், முழு மாத்திரை ன் குறுகுவதையும் எதிரே இருப்பவர் உடனே பிடிப்பார். செயலி பிடிக்காது.

## ஒரு பார்வையில்

| | நோட்டு | படம் | செயலி | வகுப்பு |
|---|---|---|---|---|
| 46-ஐயும் அடையாளம் காண | பத்து நாள் | நான்கைந்து நாள் | ஒரு வாரம் | வகுப்பின் வேகம் |
| கையால் எழுத | வரும் | வராது | பெரும்பாலும் வராது | வீட்டுப்பாடம் செய்தால் வரும் |
| ஒத்த எழுத்துகள் | தெளியும் | குழம்பும் | எழுத்துரு மாறினால் குழம்பும் | ஆசிரியரைப் பொறுத்தது |
| ஒலி | தனியே கேட்க வேண்டும் | படச் சொல்லின் ஒலி ஒட்டும் | நன்று | மிக நன்று |
| பின்னால் வரும் செலவு | நேரம் | வாசிப்பு வேகம் | போலி நம்பிக்கை | பணம், மற்றவர் வேகம் |

## யாருக்கு எது

தேர்வு மட்டுமே குறி: நான்கைந்து நாளில் படத்தால் 46-ம், பிறகு அட்டைகள், நோட்டில் அந்த 18 எழுத்து மட்டும். மிச்ச நேரத்தைச் சொற்களுக்குக் கொடுங்கள்.

ஜப்பானுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்: நோட்டு, குறுக்குவழி இல்லாமல். எந்தக் கோட்டுக்குப் பின் எந்தக் கோடு என்ற வரிசை கையில் ஏறியிருந்தால், அடுத்து வரும், சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகளுக்கும் அதே பழக்கம் உதவும்.

அனிமே, விளையாட்டு, பாட்டு வரிகள் என்று ஆர்வத்துக்காகக் கற்பவர்: படமும் விசைப்பலகையும். எழுதவே வேண்டாம்.

பள்ளிக் குழந்தைகள்: நோட்டு, கூடவே 'கங சஞ' வரிசையை வைத்து ஒப்பித்தல். படங்களை அவர்களே வரையட்டும்.

தொடங்கித் தொடங்கி விட்டவர்: வகுப்பு. கட்டிய காசு கேள்வி கேட்கும்.

எந்த வழியானாலும் 46 முடிந்த கையோடு மூன்று விதிவிலக்குகளைச் சேர்த்துவிடுங்கள். இடைச்சொல்லாக வரும்போது ஹ எழுத்து 'வ' என்றும், ஹெ எழுத்து 'எ' என்றும், வொ எழுத்து 'ஒ' என்றும் ஒலிக்கும். முதல் வாக்கியத்திலேயே இவை வரும். தெரியாவிட்டால் கற்ற எழுத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

## கத்தகானாவுக்கு மட்டும் வேறு கணக்கு

ஹிரகானாவைப் படத்தால் முடித்தவர்கள் கத்தகானாவையும் அப்படியே முடிக்கப் பார்த்து மாட்டிக்கொள்வார்கள். வடிவங்கள் நேர்கோடுகள்; ஒன்றோடொன்று நெருக்கம் அதிகம். ஷி–த்ஸு, ன்–ஸொ ஆகிய இரண்டு இணைகளுக்குப் படம் எதுவும் உதவாது, கை உதவும். ஷி-யில் இரண்டு சிறு கீற்றும் இடப்பக்கம் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும், நீண்ட கோடு கீழிருந்து மேலே போகும். த்ஸு-வில் சிறு கீற்றுகள் மேலே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், நீண்ட கோடு மேலிருந்து கீழே இறங்கும். ன் ஷி-யைப் போல மேலே போகும், ஸொ த்ஸு-வைப் போல இறங்கும். திசையை மாற்றி எழுதினால் வடிவம் ஏறக்குறைய சரியாக வந்தாலும் படிப்பவர் வேறு எழுத்தாகத்தான் படிப்பார்.

எழுதப் பழக முதல் சொல்லாக உங்கள் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ல, ள, ழ எல்லாம் ர வரிசைக்குப் போய்விடும். கமலா 'கமரா' ஆவார். ஜப்பானியப் படிவங்களில் பெயருக்கு மேலே, அதன் உச்சரிப்பை எழுத 'ஃபுரிகானா' என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அந்தச் சொல் எந்த எழுத்தில் அச்சாகியிருக்கிறதோ அந்த எழுத்தில் நிரப்ப வேண்டும் என்பது வழக்கம்: ஹிரகானாவில் இருந்தால் ஹிரகானா, கத்தகானாவில் இருந்தால் கத்தகானா.